கைமாற்றுப் பக்கங்கள்

அம்மாவின் சாவு ஆறாயிரத்துக்குப் போயிற்று. மொத்தம் பதினொன்றே முக்கால் பக்கம். பக்கத்துக்கு ஐந்நூற்றுப் பத்துச் சொச்சம் விழுகிறது. அடிமாட்டு விலை என்றுகூடச் சொல்ல முடியாது. அடிமாட்டை விற்கிறவன்கூட அதன் முதுகைத் தட்டி நாலு வார்த்தை உயர்த்திப் பேசுவான். டாண் சார் பேசவே இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தன் நாவலின் கோப்பிலிருந்து வெட்டினார், மரவாடிக்காரரின் சுயசரிதையில் ஒட்டினார், இரண்டு உறவுமுறைகளை மாற்றினார், ஒரு தெருவை அழித்தார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் சரக்கு கைமாறிவிட்டது.

மரவாடிக்காரர் நல்ல மனிதர்தான். அறுபது வருஷத்து வாழ்க்கையை மூன்று மாலைகளில் சொல்லி முடித்தவர். மரத்தின் விலை ஏறி இறங்கியதைப் பற்றி ஒன்றரை மாலை, தம்பியோடு நடத்திய வழக்கைப் பற்றி ஒன்றரை மாலை. அம்மாவைப் பற்றி இரண்டே வாக்கியம்: “அம்மா போனப்ப ரொம்ப அழுதேன் சார். அதை ஒரு பத்துப் பக்கம் உருக்கமாப் போட்டுடுங்க.” வெள்ளிக்கிழமை மதியம் அச்சுக்குப் போக வேண்டும். அதே வெள்ளிக்கிழமைக்கு ஒரு சிமெண்ட் ஏஜென்சியின் வெள்ளிவிழா மலரும் ஒரு வார இதழின் தொடர்கதையும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

டாண் சாரிடம் ஓர் அம்மா இருந்தாள், எழுதி முடித்த நிலையில். சாவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் அவள் தலைமாட்டில் கிடந்த கண்ணாடிக் கூட்டைத் தடவி எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே மூக்குக்கண்ணாடி இருக்கிறது என்று சத்தம் சொன்னதும் வைத்துவிடுவாள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் ஆட்டுவாள். நடுவில், “பின்கதவு தாழ்ப்பாள் போட்டாச்சா?” என்பாள். அதை எழுத அவருக்குப் பதினோரு மாதம் பிடித்தது. வெட்ட நாலு விநாடி.

ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்கிறவர் டாண் சாரைப் போலத் துணிக்கடைக்காரர் வீட்டில் பிறந்திருக்க மாட்டார். விற்ற துணியில் ஒரு முழம் கிழித்து வைத்துக்கொள்வதற்கு அந்த வீட்டில் சேமிப்பு என்று பெயர் இல்லை. திருட்டு என்று பெயர். தவிர, ஒவ்வொரு வேலைக்கும் அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார்: இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இனி உங்களுடையது, நான் எங்கும் உரிமை கொண்டாட மாட்டேன். ஆகவே வெட்டிய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு வரியை மட்டும் நட்டு வைத்தார். ‘கைமாற்று. 11¾ பக்கம். மரவாடி. அடுத்த மாதம் வேறு எழுதி நிரப்ப வேண்டும்.’

அது ஆறு வருஷத்துக்கு முந்திய வியாழக்கிழமை.

டாண் சாருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டணச் சீட்டில் மட்டும் புழங்குகிறது. மற்ற இடத்தில் எல்லாம் டாண் சார்தான். சொன்ன தேதிக்கு, சொன்ன மணிக்கு, டாண் என்று சரக்கைக் கொண்டுவந்து வைப்பார் என்று ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா புருஷனின் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிற வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனபோது, அக்கா புருஷன் ஒன்றுதான் கேட்டார். “முழுநேரம்னா எத்தனை மணி நேரம் மாப்ள?” அன்றைக்கு அது கிண்டலாகத் தெரிந்தது. உலகத்தில் அதைவிடக் கூர்மையான கேள்வி கிடையாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

நேரத்தை அவர் நிர்வாகம் பண்ணின விதம் அப்பாவிடம் கற்றது. விலை சொல்லும்போது இறங்கி வர இடம் வைத்துச் சொல்ல வேண்டும்; தேதிக்கும் அதுதான் சட்டம். பன்னிரண்டு நாள் வேலைக்கு இருபது நாள் கேட்பார். எதிராளி பதினைந்துக்கு இறக்குவான். மிச்சம் மூன்று நாள் லாபம், அது நாவலுக்கு. காகிதத்தில் கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் மேஸ்திரி என்று ஒருவர் இருந்தாரே.

மேஸ்திரி கட்டட மேஸ்திரி அல்ல. புத்தகம் போட ஆசைப்படுகிற பணக்காரர்களையும் எழுதத் தெரிந்த ஏழைகளையும் சேர்த்து வைத்து, நடுவில் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொள்கிறவர். சித்தாளை லாரியில் ஏற்றிப் போகிற தோரணையில் எழுத்தாளர்களை ஏற்றிப் போவதால் அந்தப் பெயர். அவருக்கும் வியாபாரம் தெரியும். இரண்டே வருஷத்தில் டாண் சாரின் இருபது உண்மையில் பன்னிரண்டு என்று மோப்பம் பிடித்துவிட்டார். அதன்பிறகு இருபது என்றால், “சரி சார், பத்து” என்பார். லாபமாக வந்த மூன்று நாள் போய், முதலிலேயே இரண்டு நாள் நஷ்டம் விழ ஆரம்பித்தது.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் கைமாற்று. மரவாடியோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. பஸ் முதலாளியின் இளமைப் பருவத்துக்கு, அப்பா துணிமூட்டையை மழையில் நனையவிடாமல் தன் சட்டைக்குள் பொதிந்துகொண்டு வந்தது போயிற்று. சிமெண்ட் ஏஜென்சிக்கு, அப்பா கடைசிக் கடனைக் கட்டிவிட்டு வரும் வழியெல்லாம் விசிலடித்தது. ஒரு கட்டத்தில் அப்பா ஒரே சமயத்தில் மூன்று முதலாளிகளுக்கு அப்பாவாக இருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாளோ ஒன்றரை நாளோ மிச்சமாகும். மிச்சமான நாளை நாவலுக்கு எடுப்பதற்குள் மேஸ்திரி அடுத்த தேதியோடு வாசலில் நிற்பார்.

சுவரில் ஒரு நாள்காட்டி. அடுத்தவர் வேலைகள் சிவப்பு மையில், நாவல் பென்சிலில். எது அழியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்க ஆளில்லாத வேலைக்குக் கெடு கிடையாது. கெடு இல்லாத வேலைக்கு நாள் கிடையாது.

ஐந்தாம் தேதி காலை பதிப்பாளர் அம்மா கூப்பிட்டார். நாவல்கள் மட்டும் போட்டுத் தன் இரண்டு வீடுகளில் ஒன்றை விற்றவர்.

“டாண் சார், ஏழு வருஷம் முன்னாடி எனக்கு ரெண்டு அத்தியாயம் அனுப்புனீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மேடம். நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“கண்ணாடிக் கூட்டைக் காதுகிட்ட வச்சு ஆட்டுற அம்மாவை எப்படிங்க மறக்கறது? எங்கம்மாவும் அப்படித்தான் பர்ஸை ஆட்டுவாங்க. அது எத்தனை பக்கம் வந்திருக்கு இப்போ, மொத்தமா?”

“முந்நூத்துப் பன்னெண்டு” என்றார் டாண் சார். அந்த எண் நாக்கிலேயே இருந்தது. பல வருஷமாக மனைவி கேட்டாலும் அக்கா புருஷன் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்.

“முடிஞ்சுடுச்சா?”

“முடிஞ்சது மேடம்.”

“அப்ப கேளுங்க. இந்த வருஷம் ஏழு நாவல் போடறேன். அதோட சரி, அடுத்த வருஷத்துலேருந்து பரிட்சை கைடுதான். என் வீட்டுக்காரர் காலில் விழாத குறையாச் சொல்லிட்டார். ஏழுல ஒருத்தர் கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டார். அந்த எடம் உங்களுக்கு. முப்பத்தொண்ணாம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணி.”

“ஒரு வாரம் முன்னப்பின்ன…”

“பேரம் பேசாதீங்க. மெஷினுக்கு முன்பணம் கட்டியாச்சு. அஞ்சு மணின்னா அஞ்சு மணி. நீங்கதான் டாண்ணு குடுப்பீங்கன்னு ஊரே சொல்லுதே, அதை நம்பித்தான் கேக்கறேன்.”

டாண் சார் போனை வைத்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நாவலைக் கேட்க ஓர் ஆள் வந்திருந்தார், ஒரு தேதியோடு. போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்து முப்பத்தொன்றைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டம் முட்டையாக வந்தது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். காலாவதித் தேதி பார்த்து மருந்தை ஒதுக்குவது அவர் பொறுப்பு. அதனால் தேதி என்றால் வீட்டில் அவர் சொல்தான் சட்டம். விஷயத்தைக் கேட்டதும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

“நெசமாவா?”

“நெசமா.”

“முந்நூத்துப் பன்னெண்டும் போடறாங்களா?”

“அத்தனையும்.”

“அப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? இந்த மாசம் ஒரு வேலையும் எடுக்காதீங்க. எனக்குப் பதினெட்டு நாள் லீவு காசா வர வேண்டியிருக்கு, அதை வாங்கிடறேன். வாடகை நான் பாத்துக்கறேன். நீங்க உக்காந்து ஒரு தடவை முழுசாத் திருத்திக் குடுங்க. உங்க பேர் போட்டு ஒரு புக்கு என் கையில இருக்கணும். இத்தனை வருஷமா யார் யார் பேரிலேயோ பாத்தாச்சு.”

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். பிறகு, “கடைக்கார அண்ணாச்சி என்கிட்ட கேப்பாரு, உன் புருஷன் என்ன எழுதறார்னு. கடைக் கண்ணாடிக்கு வெளிய தெரியற மாதிரி ஒண்ணை மாட்டி வைக்கறேன்” என்றார்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். மாடி ஏறும்போதே பேச ஆரம்பித்துவிடுகிற ஆள்.

“சார், பஸ் முதலாளிக்கு ரெண்டாம் பாகம் வேணுமாம்!”

“அவருக்கு முதல் பாகத்திலேயே பஸ் நின்னு போச்சே மேஸ்திரி.”

“நின்னா என்ன, தள்ளுவோம். நாப்பது பக்கம், எட்டு நாள், நல்ல காசு.”

“இந்த மாசம் முடியாது.”

மேஸ்திரி காதைச் சொறிந்துகொண்டார். “சரி, பத்து நாள்.”

“பேரம் இல்ல. முடியாது.”

“உடம்பு சரியில்லையா? வீட்ல ஏதாவது…”

“என் நாவல் வருது. முப்பத்தொண்ணு.”

மேஸ்திரி எழுந்து நின்று கைகொடுத்தார். உண்மையான சந்தோஷம்தான். ஆனால் கையை விடாமலே, “யார் பேர்ல சார்?” என்று கேட்டார். கேட்டபிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் இறங்கிப் போனதும் டாண் சார் கோப்பைத் திறந்தார். முதல் அத்தியாயத்தில் ஆறாவது பக்கத்தில் ஒரு வரி: கைமாற்று. தாண்டிப் போனார். பதினொன்றில் ஒன்று, பதினான்கில் ஒன்று. இருபதாம் பக்கத்துக்குப் பிறகு வரிகள் தாயக்கட்டம் மாதிரி எதிரே எதிரே வந்தன. இரும்புக்கடையில் ஆணியைக்கூட எண்ணி இருப்பு எடுத்த கை. தன் சரக்குக்கு மட்டும் ஆறு வருஷமாக இருப்பு எடுத்ததில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு என்பது போன பக்கங்களையும் சேர்த்த எண். கடன் கொடுத்ததைக் கையிருப்பு என்று நினைத்துக்கொண்டு செலவழிக்கிற வியாபாரியை அவர் சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறார். அப்பாதான் அது.

சாயங்காலம் வரை எண்ணினார். நாற்பத்தொரு கைமாற்று. இருநூற்று நான்கு பக்கம். மிச்சம் நூற்றெட்டு. அந்த நூற்றெட்டிலும் யாரோ படியேறினார்கள், யாரோ விளக்கைப் போட்டார்கள், மழை வரும்போல இருந்தது. நகையைக் கொடுத்துவிட்டு நகைப்பெட்டியைக் காப்பாற்றி வைத்த கதை.

மனைவியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? எழுதத் தெரிந்தவர்தானே. இருபத்தைந்து நாள், இருநூற்று நான்கு பக்கம், நாளுக்கு எட்டே கால்கூட ஆகாது. டாண் சாரின் சாதாரண வேகம் பன்னிரண்டு. காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தார். முதல் நாள் பதினொரு பக்கம். இரண்டாம் நாள் பதின்மூன்று. மனைவி கிளம்பும்போது எட்டிப் பார்த்து, “எவ்வளவு?” என்பார். எண்ணைச் சொன்னதும் ஓட்டப்பந்தயத்துக்கு மகனை அனுப்பியவள் மாதிரி முகம் மலர்ந்து படியிறங்குவார்.

பத்தாவது நாள் அச்செடுத்துப் படித்தார்.

ஒரு குறையும் சொல்ல முடியாது; அதுதான் குறை. வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போயின. எங்கே கண்ணீர் வேண்டுமோ அங்கே இரண்டு சொட்டு, எங்கே பழமொழி வேண்டுமோ அங்கே ஒன்று. அப்பா உழைப்பால் உயர்ந்தார். நிஜத்தில் அவர் வாழ்க்கையில் ஒரு நாளும் உயரவில்லை. உயரத் தெரியாததுதான் நாவலே. அம்மா பொறுமையின் வடிவமாகப் படுத்திருந்தாள். இறக்கும் தறுவாயில் வாடிக்கையாளர்களுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் நன்றி சொல்லாததுதான் பாக்கி. டாண் சார் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் கையை நினைத்துப் பார்த்தார். கை வந்தது. கூடு வந்தது. அதைப் பிடித்திருந்த விதம் வரவில்லை. கட்டைவிரல் மேலா, கீழா? அதை அறிந்திருந்த பக்கம் மரவாடியில் இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மரவாடியில் மரம் அறுக்கிற சத்தத்துக்கு நடுவில் முதலாளியின் கண்ணாடி அறை. முதலாளி எழுந்து வந்து தோளைத் தொட்டு உட்கார வைத்தார். மேசைமேல் அந்தப் புத்தகம், ஓரமெல்லாம் நைந்து.

“டாண் சார்! உங்களைப் பத்தி நேத்துகூடப் பேசினோம். அம்மா போன நாளுக்கு வருஷா வருஷம் பிள்ளைங்களைக் கூட்டி வச்சு அந்த அத்தியாயத்தைப் படிப்பேன். பேத்தி இப்பல்லாம் நான் நிறுத்துன எடத்துலேருந்து மனப்பாடமாச் சொல்லுது.”

“அதைப் பத்தித்தான் வந்தேன் முதலாளி. அந்தப் பதினோரு பக்கத்தை எனக்குத் திருப்பித் தர முடியுமா? என் நாவல்ல போட்டுக்க. வாங்கினதுக்கு ரெண்டு பங்கு தந்துடறேன்.”

முதலாளிக்குப் புரியவில்லை. “எங்கம்மா உங்க நாவல்ல எதுக்கு?”

“அது எங்கம்மா.”

வெளியே ரம்பம் ஒரு கட்டையை அறுத்து முடித்தது.

“நல்ல தமாஷ்” என்றார் முதலாளி.

“தமாஷ் இல்ல. நீங்க ரெண்டு வரிதான் சொன்னீங்க. எழுத நேரம் இல்ல. என்கிட்ட எழுதினது இருந்துச்சு.”

“நான் சொல்லாமலா? என் வாயால சொன்னேன் சார், நீங்க தலையாட்டித் தலையாட்டிக் கேட்டீங்க. அம்மா அந்தக் கூட்டை இப்படிப் பிடிச்சு…” அவர் மேசைமேல் இருந்த தன் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கட்டைவிரலைக் கீழே கொடுத்து, மற்ற விரல்களை மேலே மடித்து, காதோரம் வைத்து ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. “தாழ்ப்பாள் போட்டாச்சான்னு கேட்டா. போட்டாச்சும்மான்னேன். நான் பொய் சொன்னேன் சார், போடல. அதை உங்ககிட்டகூடச் சொல்லல.”

டாண் சார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் கீழே. சரிதான். அப்படித்தான்.

“விலை சொல்லுங்க முதலாளி. மூணு பங்கு.”

“சார், நான் முப்பது வருஷமா விக்கறவன். எதை விக்கறது, எதை விக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்.” குரலில் கோபம்கூட இல்லை. “உங்களுக்குப் பணக்கஷ்டம்னா நேராக் கேளுங்க, தரேன். பெத்தவளைக் கேக்காதீங்க.”

காபி வந்தது. குடித்துவிட்டு வந்தார்.

மனைவி அன்று அரை நாளில் வந்துவிட்டார். டாண் சார் படியேறி வந்தபோது மேசையில் அச்செடுத்த தாள்கட்டும், பக்கத்தில் கணினியில் திறந்த கோப்பும் இருந்தன, எதிரில் மனைவி.

“எழுத்துப்பிழை பாத்துத் தரலாம்னு உக்காந்தேன்” என்றார் மனைவி. “கைமாத்துன்னா என்னங்க?”

சொன்னார். நின்றுகொண்டே, ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி கணினியில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

“நாம முதல்ல குடியிருந்த ஒத்தை ரூம் இதுல இருக்குன்னு சொன்னீங்களே. பாய்ல படுத்துக்கிட்டு, பகல்ல சுவத்துல விழற வெயிலை வச்சு மணி சொல்லி விளையாடுவோமே. நான் இருக்கிற அத்தியாயம். அது எங்க?”

“மெத்தைக் கம்பெனி.”

“என்னது?”

“ஒரு மெத்தைக் கம்பெனிக்கு விளம்பரப் புத்தகம். ஒரே நாள் கெடு.”

“எவ்வளவு தந்தாங்க?”

“ரெண்டாயிரத்தைந்நூறு. அப்புறம்… ஒரு மெத்தை.”

மனைவி தலையைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தார். “இதுவா?”

“இதுதான்.”

“நல்ல மெத்தைன்னு அண்ணாச்சிகிட்டகூடச் சொன்னேன்” என்றார். பிறகு கேட்டார்: “தினமும் காலைல நான் எவ்வளவுன்னு கேப்பேன், நீங்க ஒரு எண்ணு சொல்வீங்க. அந்த எண்ணை வச்சுக்கிட்டுத்தான் நாள் பூரா கவுண்டர்ல நிப்பேன். அதெல்லாம் எந்த எண்ணு?”

பதில் சொல்வதற்கு டாண் சாரிடம் வார்த்தை இருந்தது, எட்டுப் பத்து விதமாக. எல்லாமே யாருக்காகவாவது எழுதிக் கொடுத்தது போல இருந்தது. மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு, மீதி அரை நாள் வேலைக்குத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து படியிறங்கும்போது எவ்வளவு என்று கேட்பதில்லை.

ஆனாலும் தேதி ஓய்வெடுப்பதில்லை. டாண் சாரும் எழுதினார். நாளுக்கு எட்டு, ஆறு, மூன்று என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, இருபத்தெட்டாம் தேதி ஒரு பக்கம் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதின மாதிரியும் இல்லை, டாண் சரக்கு மாதிரியும் இல்லை. கரடுமுரடாக, மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணாடி அறைக்குள் வேறொருவன் தன் அம்மாவுக்கு அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆளைப் பற்றி. முப்பதாம் தேதி அதற்கு அடுத்த பக்கம். அந்த வேகத்தில் போனால் எப்போது முடியும் என்று போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, போடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

முப்பத்தொன்று காலை மேஸ்திரி போன் பண்ணினார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. “சார், புதுசா எழுதினதை உள்ள அடைச்சு அனுப்பிடுங்க. பக்கம் கொறஞ்சா எழுத்தைப் பெருசாப் போடச் சொல்லலாம். யாரு உக்காந்து ஒப்பிட்டுப் பாக்கப் போறா? சும்மாச் சொல்லல, உங்க கைச்சரக்குக்கு ஊர்ல நல்ல பேரு.”

“அந்தப் பேருக்கு வேணும்னா அனுப்பலாம் மேஸ்திரி. என் பேருக்கு முடியாது.”

“பேருல என்ன சார் இருக்கு, புக்குன்னு ஒண்ணு வந்துட்டா…”

“கலப்படத்துக்கு மேல என் பேரைப் போட்டா எங்கப்பா எழுந்து வந்து அடிப்பார்.”

“அவர்தான் பஸ் முதலாளிகிட்ட இருக்காரே” என்றார் மேஸ்திரி. சிரிக்கத்தான் சொன்னார். இருவருமே சிரிக்கவில்லை.

நாலரைக்குப் பதிப்பாளர் அம்மா. “கிளம்பிட்டீங்களா? மெயில்லயே அனுப்பிடறீங்களா?”

“மேடம், நாவல் இல்ல.”

அந்தப் பக்கம் அச்சகத்துச் சத்தம் கேட்டது. “இல்லன்னா? முடிஞ்சதுன்னீங்களே.”

“முடிஞ்சதுதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சு.”

“எவ்வளவு நாள் வேணும்?” அவர் குரல் இறங்கியது. “நாளைக்குக் காலைல எட்டு மணி வரைக்கும் வேணும்னா நான் இங்க கெஞ்சிப் பாக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல டாண் சார்.”

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எதிராளி தானாக இறங்கி வந்தார். பதினைந்து மணி நேரம், கேட்காமலே. டாண் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வேணாம் மேடம். காத்துக்கிட்டிருக்கறவர் யாராவது இருந்தா அவருக்குக் குடுத்துடுங்க.”

“இருக்கார்” என்றார் அந்த அம்மா. “உங்களை மாதிரி எழுத மாட்டார். ஆனா முழுசா வச்சிருக்கார்.” பிறகு, “என்ன ஆச்சுன்னாவது எழுதி அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. டாண் சார் உட்கார்ந்து எழுதினார். விளக்கம் எழுதிப் பார்த்தார், உருக்கமாக வந்தது, அழித்தார். மன்னிப்பு எழுதினார், அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது, அழித்தார். கடைசியில் இரும்புக்கடையில் வருஷ முடிவில் எழுதுகிற மாதிரி எழுதி, நாலு ஐம்பத்தொன்பதுக்கு அனுப்பினார்.

நாவல், மொத்தம்: 312 பக்கம்.
கைமாற்றாகப் போனது, 41 தடவையில்: 204.
கையிருப்பு: 108.
அந்தக் கைமாற்றால் மிச்சம் பிடித்த நாள்: 60.
அந்த அறுபதில் நாவலுக்கு வந்த நாள்: இல்லை.
இந்த மாதம் புதிதாக எழுதியது: 131 பக்கம்.
அதில் கழித்தது: 129.
வரவு வைத்தது: 2.
இன்னும் நிரப்ப வேண்டியது: 202 பக்கம்.